கிரைண்டர் கழுவும் முறையை எப்படி எழுதி ஒட்டுவது?

தேக்கா சமையல்:
வணக்கம். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஓர் உணவகத்தின் சமையலறையைப் பார்த்துக்கொள்கிறேன். ஊரிலிருந்து புதிதாக வரும் தம்பிகளுக்கு மாவரைக்கும் கிரைண்டரைக் கழுவச் சொல்லித் தரவேண்டும். செய்து காட்டும்போது தலையாட்டுகிறார்கள். மறுநாள் தனியாக விட்டால் விழிக்கிறார்கள். எழுதிச் சுவரில் ஒட்டலாம் என்று உட்கார்ந்தால் இரண்டு பக்கம் போகிறது. எதை வைப்பது, எதை விடுவது?

ஈசூன் அக்கா:
படம் போடுங்கள் தம்பி. ஆனால் வேலை செய்பவரின் தோளுக்குப் பின்னால் நின்று எடுங்கள். எதிரே நின்று எடுத்தால் இடம் வலம் மாறிக் குழப்பும்.

ஜூரோங் பயிற்சியாளர்:
தொழிற்சாலையில் புது ஆட்களுக்குப் பயிற்சி தருவதுதான் என் வேலை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ஆலைகளில் அனுபவமில்லாதவர்கள் கூட்டமாகச் சேர்ந்தார்கள். அவர்களைச் சீக்கிரம் பழக்க, 1940 முதல் 1945 வரை டிடபிள்யூஐ (Training Within Industry, ஆலைக்குள்ளேயே பயிற்சி) என்றொரு திட்டம் நடந்தது. அதிலிருந்து வந்த முறையைத்தான் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: என்ன செய்வது, எதில் கவனம், ஏன்.

உங்கள் கிரைண்டரையே எடுத்துக்கொள்வோம். செய்வது: மின்சாரத்தைத் துண்டிப்பது. கவனம்: சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கை உருவிக் கண்ணில் படும்படி வைக்கவேண்டும். ஏன்: கை உள்ளே இருக்கும்போது வேறு யாராவது தெரியாமல் போட்டுவிடலாம். அந்த 'ஏன்' மட்டும் எழுதியிருந்தால், அவசரத்திலும் பையன் அதைத் தாண்டமாட்டான்.

'நன்றாகக் கழுவவும்' என்று எழுதவே எழுதாதீர்கள். எது நன்றாக என்று புது ஆளுக்கு எப்படித் தெரியும்? 'நடுத்தண்டைச் சுற்றி விரலால் தடவினால் மாவு வழுக்கக் கூடாது' என்று எழுதுங்கள். குழவியை எங்கே பிடித்துத் தூக்குவது, மோட்டார் பக்கம் ஏன் தண்ணீர் படக்கூடாது, இவை கட்டாயம் வேண்டும். சோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை வாயால் சொன்னால் போதும்.

அப்புறம், கிரைண்டரையே தொடாத ஒருவரிடம் தாளைக் கொடுங்கள். கல்லாவில் இருப்பவர்கூடச் சரிதான். பக்கத்தில் நின்று பாருங்கள், ஆபத்தாக எதையாவது தொடப்போனால் தவிர வாயைத் திறக்காதீர்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது.

தேக்கா சமையல்:
நன்றி அண்ணே. மியன்மார்த் தம்பி ஒருவரும் இருக்கிறார். தமிழ் படிக்கத் தெரியாது.

ஜூரோங் பயிற்சியாளர்:
அவருக்கு அக்கா சொன்ன படங்கள்தான். ஒவ்வொரு படியையும் செய்து காட்டி, அவரையே செய்யச் சொல்லி, ஏன் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அரைகுறை ஆங்கிலமானாலும் பரவாயில்லை. தாளைப் பிளக் பக்கத்திலேயே ஒட்டுங்கள், வேலை அங்கேதானே தொடங்குகிறது.