கரோ-கானுக்கு எதிராக வெள்ளைக்கு என்ன திட்டம்? ஞாயிறு போட்டி, அவசரம்

சுன்னாகம்_சிப்பாய் | வியாழன் இரவு 10.40
வணக்கம். ஞாயிறு காலை நல்லூரில் போட்டி. எப்படியும் ஒரு சுற்றில் அந்தப் பெடியன் வருவான், கறுப்பு என்றால் கரோ-கான்தான் வைப்பான் (வெள்ளை ஈ4, கறுப்பு சி6, பிறகு டி4, டி5 என்று சிப்பாய்களால் தொடங்கும் தற்காப்பு). இதுவரை இரண்டு தோல்வி, ஒரு சமன். தொடக்கத்தில் நான் பிழை விடுவதில்லை. பன்னிரண்டாவது நகர்வுக்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் குதிரையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருப்பேன். சுவர் மாதிரி நிற்கிறான். ஒரு திட்டம் சொல்லுங்கோ. நீளமான தியரி வேண்டாம், நாளைக்கு வேலை.

கோண்டாவில்_குதிரை
மூன்றாவது நகர்வு என்ன? ஈ5 தள்ளுகிறீர்களா, டி5 இல் வெட்டுகிறீர்களா, குதிரையைச் சி3க்கு எடுக்கிறீர்களா? மூன்றும் மூன்று வேறு ஆட்டம்.

ரொறன்ரோ_ராசா
நேரம் எவ்வளவு? பத்து நிமிட ஆட்டமா, நீளமானதா? றேற்றிங் இருக்கிறதா?

பருத்தித்துறை_வடை
எதையும் கேட்கத் தேவையில்லை. ஈ5, அவன் மந்திரி (பிஷப்) எஃப்5, உடனே எச்4! முன்னாள் உலகச் சம்பியன் மிகைல் தால் வைத்தது. அவன் வழக்கம்போல ஈ6 வைத்தால் ஜி4, மந்திரி ஈ4, எஃப்3, மந்திரி ஜி6, எச்5. மந்திரி செத்தது. நான் இப்படியே இரண்டு பேரைப் பிடித்திருக்கிறேன்.

மாஸ்ரர்64
ஈ6க்குப் பதிலாக எச்5 வைத்தால்? அதையும் சொல்லிவிட்டுப் போங்கள் வடையாரே. கேள்வி கேட்டவருக்கு: மாதம் ஒருவர் வந்து இதையே கேட்கிறார். திட்டம் என்பது கடையில் வாங்குகிற சாமான் இல்லை. சிப்பாய்கள் எந்த நிறக் கட்டத்தில் நிற்கின்றன என்று ஒரு நாளாவது பார்த்தீர்களா?

சுன்னாகம்_சிப்பாய்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஈ5தான் தள்ளுவேன். அவன் மந்திரியை எஃப்5க்கு எடுப்பான், நான் மந்திரி டி3 வைத்து மாற்றி, ராணியால் வெட்டுவேன். பிறகு அவன் ஈ6. ஆளுக்கு 25 நிமிடம். றேற்றிங் இல்லை.

கோண்டாவில்_குதிரை
வருத்தம் அந்த டி3 இல்தான் இருக்கிறது. மாஸ்ரர் ஏசினாலும் சரியாகத்தான் ஏசினார். உங்கள் டி4, ஈ5 சிப்பாய்கள் கறுப்புக் கட்டத்தில் நிற்கின்றன, ஆகவே வெள்ளைக் கட்ட மந்திரி உங்களுக்குத் தாராளமாக ஓடும். அவனுக்கோ சி6, டி5, ஈ6 எல்லாம் வெள்ளைக் கட்டம். பிரெஞ்சுத் தற்காப்பில் (ஈ4க்கு ஈ6) கறுப்பின் வெள்ளைக் கட்ட மந்திரி உள்ளே கிடந்து வாடும். கரோ-கானில் அதை முதலே வெளியே எடுக்கலாம் என்பதற்காகத்தான் இத்தனை பாடு. நீங்கள் உங்கள் நல்லதைக் கொடுத்து அவனுடைய தலையிடியை வாங்கிக்கொள்கிறீர்கள். அடுத்து ராணி ஏ5 செக், பிறகு ஏ6 என்று ராணியையும் மாற்றக் கேட்பான். கேட்டானா?

1927 இல் நியூயோர்க்கில் நிம்சோவிச் இப்படித்தான் டி3 இல் மாற்றினார், அப்போதைய உலகச் சம்பியன் காபபிளாங்காவிடம் தோற்றார்.

மாற்றாமல் குதிரை எஃப்3, மந்திரி ஈ2, கோட்டை கட்டுங்கள் (காஸ்லிங்). இங்கிலாந்து கிராண்ட்மாஸ்ரர் நைஜல் ஷோர்ட் பிரபலமாக்கிய முறை. அவனுக்கு மூச்சு விட ஒரே வழி சி5. ஏற்கெனவே சி6 வைத்தவன், அதே சிப்பாய்க்கு இரண்டாவது நகர்வு செலவழிக்கிறான். நீங்கள் மந்திரி ஈ3, குதிரையை டி2 வழியாக பி3 என்று சி5 கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அவன் தள்ளும்போது அவனுடைய ராசா நடுவில் நிற்கும், ஜி8 குதிரை பெரும்பாலும் வீட்டில் இருக்கும். அப்போது நடுவைத் திறவுங்கள்.

ரொறன்ரோ_ராசா
குதிரை சி3தான் சரி. 1997 இல் கஸ்பரோவே கரோ-கான் வைத்து டீப் புளூ கணினியிடம் 19 நகர்வில் முடிந்தார். ஈ6 இல் குதிரையைக் கொடுத்து உடைத்தது.

பருத்தித்துறை_வடை
அது இயந்திரம் அண்ணை. இவர் 25 நிமிடத்தில் குதிரையைக் கொடுத்தால் குதிரை போனதுதான்.

பழைய_பலகை
தம்பி, வீண் சிக்கல் வேண்டாம். மூன்றாவது நகர்வில் வெட்டுங்கோ, அவன் சி சிப்பாயால் வெட்டுவான், மந்திரி டி3, பிறகு சி3. 1970 இல் பெல்கிரேட்டில் ஃபிஷர் இப்படித்தான் பெத்ரோசியானை வென்றவர். அவன் ஒட்டகத்தை ஜி4க்குக் கொண்டுவந்தால் மந்திரியை பி3 இல் வையுங்கோ, பி7 சிப்பாய் காவலில்லாமல் நிற்கும்.

சுன்னாகம்_சிப்பாய்
ஐயா, டி3 மந்திரி பி3க்குப் போக இரண்டு நகர்வு வேண்டுமே?

பழைய_பலகை
பி3க்குப் போகிற மந்திரி என்றால் ராணி. எங்கள் வீட்டில் அப்படித்தான். டி3 என்றது ஒட்டகம், அது உங்கள் மொழியில் எழுதினது.

மாஸ்ரர்64
ஒரே பதிலில் இரண்டு மந்திரி. அருமை. ராணி ராணிதான், பிஷப்தான் மந்திரி, மூலையில் நிற்பது கோட்டை.

பழைய_பலகை
மூலையில் நிற்பது யானை. சதுரங்கம் என்றால் நால்வகைப் படை: யானை, குதிரை, தேர், காலாள். இதில் கோட்டை எங்கே?

பருத்தித்துறை_வடை
அப்போ காஸ்லிங் செய்தால் யானை கட்டினேன் என்பீர்களா ஐயா?

பழைய_பலகை
ராசாவை ஒளித்தேன் என்பேன்.

கோண்டாவில்_குதிரை
கேள்வி கேட்ட பெடியனுக்கு ஞாயிறு போட்டி. வேறு இழை திறவுங்கோ.

(இதற்குப் பிறகு மூலையில் நிற்பது யானையா கோட்டையா என்று பதினொரு பதில்கள்.)

சுன்னாகம்_சிப்பாய் | ஞாயிறு மாலை 5.15
சமன். ஈ5 தள்ளினேன், அவன் மந்திரியை எடுக்கவே இல்லை, மூன்றாவது நகர்விலேயே சி5! யாரும் சொல்லவில்லையே. டி சிப்பாயால் வெட்டி ஒரு சிப்பாய் மேலே இருந்தேன், பிறகு பயத்தில் ராணியை மாற்றிவிட்டேன். பஸ் வந்துவிட்டது, பிறகு எழுதுகிறேன்.

மாஸ்ரர்64
1961 உலகச் சம்பியன் பட்ட மறுபோட்டியில் பொத்வின்னிக் தாலுக்கு எதிராக வைத்தது. நீர் எஃப்5 என்று எழுதினீர், எஃப்5க்குப் பதில் வந்தது. வெட்டினது சரி. அந்தச் சிப்பாயை பி4 வைத்துக் காத்தீரா?

கோண்டாவில்_குதிரை
ஆட்டத்தின் நகர்வுகளைப் போடுங்கோ, பார்ப்போம்.

பழைய_பலகை
மாற்றினது எந்த ராணி? மந்திரியா?