‘ஐலண்ட்’ என்ற சொல்லில் எஸ் எதற்கு?

கேள்வி:

என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். நேற்று டிக்டேஷனில் தீவு என்று பொருள்படும் ‘ஐலண்ட்’டை ஐ, எல், ஏ, என், டி என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியை நடுவில் சிவப்பு மையால் ஒரு எஸ்ஸைச் செருகி, அரை மதிப்பெண் குறைத்துவிட்டார். “சொல்லும்போது எஸ் வரவே இல்லையே, அப்புறம் ஏன் எழுதணும்?” என்று கேட்டாள். “அது சைலண்ட்” என்றேன். உடனே, “அப்போ முன்னாடி சத்தம் இருந்துச்சா?” என்றாள். எனக்கு அதற்கு மேல் பதில் தெரியவில்லை. அவளுக்குச் சரியானதைச் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

பதில் 1:

தீவுக்கு லத்தீனில் ‘இன்சுலா’ என்று பெயர். அதுதான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘ஐலண்ட்’ ஆனது. இன்சுலாவில் இருந்த எஸ் ஒலி நாளடைவில் தேய்ந்துபோயிருக்கும். முன்னால் சத்தம் இருந்தது என்றே சொல்லுங்கள்.

பதில் 2:

மன்னிக்கவும், மேலே உள்ள பதில் சரியில்லை. அந்தக் குழந்தை மிக நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பல வருடங்களாகப் பிழை திருத்தும் வேலையில் இருக்கிறேன், இந்தச் சொல் எனக்குத் தனிப்பட்ட விஷயமும்கூட. ஆறாம் வகுப்பில் சத்தமாகப் பாடம் படிக்கச் சொன்னபோது ‘இஸ்லாண்ட்’ என்று படித்தேன். வகுப்பே சிரித்தது. ஏன் அப்படிப் படிக்கக் கூடாது என்று கேட்டதற்கு, “மனப்பாடம் பண்ணு” என்பதுதான் பதிலாக வந்தது. காரணம் தெரிய எனக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

நேராகச் சொல்கிறேன். அந்த எஸ் ஒருநாளும் ஒலித்ததில்லை. அது அந்தச் சொல்லுக்குச் சொந்தமானதே இல்லை.

பழைய ஆங்கிலத்தில் தீவுக்கு ‘ஈய்’ என்ற ஒரு குட்டிச் சொல் இருந்தது. ஆற்றைக் குறித்த அவர்களது சொல்லுக்கும், நமக்கு அக்வேரியத்தில் பழக்கமான லத்தீன் ‘அக்வா’வுக்கும் இது தூரத்து உறவு. ஆக, நீரோடு சேர்ந்தது என்பதுதான் அடிப்படைப் பொருள். தீவு என்ற பொருள் அதிலேயே இருக்க, பின்னால் நிலம் என்ற பொருளில் ‘லாண்ட்’டையும் ஒட்டினார்கள், நாம் ‘நடு சென்டர்’ என்று சொல்கிற மாதிரி. அப்படி வந்தது ‘ஈய்லாண்ட்’. அது ‘ஈலாண்ட்’ என்று ஆனது. சுமார் 1400க்கும் 1700க்கும் இடையே ஆங்கிலத்தில் நெடில் உயிர்கள் எல்லாம் இடம் மாறியபோது ‘ஈ’ மெல்ல ‘ஐ’ ஆயிற்று. இந்தப் பாதை முழுக்கத் தேடினாலும் எஸ் கிடைக்காது.

பிரெஞ்சிலிருந்து வந்தது வேறொரு சொல். அதுவும் தீவுதான், ஆனால் ‘ஐல்’. பதில் 1 சொல்லும் இன்சுலாவின் உண்மையான வாரிசு அதுதான். ஆங்கிலம் அதை வாங்கும்போதே பிரெஞ்சுக்காரர்களின் வாயில் எஸ் போய்விட்டிருந்தது. அதனால் ஆங்கிலேயர்கள் ஐ, எல், இ என்றே எழுதினார்கள். பிறகு லத்தீன் மேல் பெரும் மரியாதை வந்த காலத்தில், மூலம் தெரியட்டும் என்று படித்தவர்கள் அதில் எஸ்ஸைத் திரும்பச் சேர்த்தார்கள். அந்தச் சொல்லைப் பொறுத்தவரை அது நியாயம்தான். ஆனால் ‘ஐலண்ட்’டும் அதே குடும்பம் என்று நினைத்து, 16ஆம் நூற்றாண்டில் அதிலும் எஸ் எழுதத் தொடங்கினார்கள். உருவம் ஒத்திருந்ததால், ஆங்கிலத்தின் சொந்தக் குடும்பமான ஜெர்மானிய மொழிக் குடும்பத்துச் சொல் ஒன்றை லத்தீன் வீட்டில் தத்துக் கொடுத்துவிட்டார்கள்.

உங்கள் மகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: 1611இல் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் அச்சான ஆங்கில பைபிளில், பவுல் கப்பல் உடைந்து கரையேறும் இடத்தில், ‘ஐலண்ட்’ எஸ் இல்லாமல்தான் இருக்கிறது. அவள் எழுதிய அதே ஐந்து எழுத்து. எஸ் உள்ள வடிவம் நிலைத்தது 1700ஐ ஒட்டித்தான். 1755இல் சாமுவேல் ஜான்சன் அகராதி வெளியிட்டபோது எஸ் போட்ட வடிவத்தையே தந்து, லத்தீன் இன்சுலாவைச் சுட்டி, உச்சரிப்பு எஸ் இல்லாமல் என்றும் குறித்தார்.

எஸ் நிஜமாகவே சொந்தமாக உள்ள இடங்களில் அது ஒலிக்கிறது, பாருங்கள். பெனின்சுலா, அதாவது ‘ஏறக்குறையத் தீவு’. இன்சுலேஷன். அப்புறம் இன்சுலின். 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் கணையத்தில் தீவுத் தீவாகக் கிடந்த செல் கூட்டங்களை விவரித்தார். அந்தத் தீவுகளிலிருந்து சுரப்பதால்தான் அந்தப் பெயர். சர்க்கரை நோயாளி தினமும் சொல்லும் மருந்தின் பெயருக்குள் ஒரு தீவு இருக்கிறது என்பதை அறிந்த நாளில் எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் ‘சைலண்ட்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வகை எழுத்துகளை நாம் போட்டுக் குழப்புகிறோம் என்பது என் கருத்து. கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’பின் கே ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்தது, பிறகு ஓய்ந்தது. ‘ஐலண்ட்’டின் எஸ் வாயால் வந்ததே இல்லை, பேனாவால் வந்தது. கடன் என்று பொருள்படும் ‘டெட்’டில் உள்ள பியும் இப்படி லத்தீனைப் பார்த்து எழுதியதுதான். ஆனால் அந்தச் சொல் நிஜமாகவே லத்தீனிலிருந்து வந்தது. ‘ஐலண்ட்’டுக்கு அந்த உறவுகூடக் கிடையாது.

பதில் 3:

அருமை. ஒரு சந்தேகம். ஐஸ்லாந்து நாட்டுக்காரர்கள் தங்கள் நாட்டின் பெயரை எஸ்ஸோடு இதே எழுத்துகளில்தானே எழுதுகிறார்கள்? இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில் 2 எழுதியவர்:

இல்லை. அங்கே ‘ஈஸ்’ என்றால் பனிக்கட்டி, அந்த எஸ் அவர்களுடைய சொந்த எஸ். அதை நன்றாக உச்சரிக்கவும் செய்கிறார்கள். ஜெர்மன் மொழியிலும் இதே எழுத்துகள் அந்த நாட்டைத்தான் குறிக்கும். தீவுக்கு ஐஸ்லாந்துக்காரர்களிடம் ‘ஏ’ என்ற பழைய சொல் இருக்கிறது. நான் மேலே சொன்ன ‘ஈய்’யின் கூடப்பிறந்தது. 1963இல் அந்நாட்டுக் கடலில் எரிமலை வெடித்து ஒரு புதுத் தீவு எழுந்தபோது, அதற்கு ‘சுர்ட்சே’ என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் வருகிறதே, அதுதான் அந்த ‘ஏ’. ஆர்க்னி, ஜெர்சி போன்ற தீவுப் பெயர்களின் முடிவிலும் இதே சொல்தான் தேய்ந்துபோய் நிற்கிறது.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. மகளுக்குப் படித்துக் காட்டினேன். 1611 என்றதும் நோட்டை எடுத்துவந்து சிவப்பு மைக்குப் பக்கத்தில் பென்சிலால் அந்த வருடத்தை எழுதிக்கொண்டாள். தேர்வில் எஸ் போட்டுத்தான் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், சரி என்றாள். இப்போது அடுத்த கேள்வி: ‘செய்ய முடிந்தது’ என்ற பொருளில் வரும் ‘குட்’டில், அதாவது சி, ஓ, யு, எல், டியில், எல் எந்த வகை? ஓய்ந்ததா, பேனாவால் வந்ததா?

பதில் 2 எழுதியவர்:

பேனாவால் வந்தது. ‘வுட்’, ‘ஷுட்’ இரண்டிலும் எல் முன்பு உண்மையாகவே ஒலித்தது. அவற்றோடு சேர்ந்தே வருவதால் இதற்கும் ஒன்றைப் போட்டுவிட்டார்கள்.