புதுப்பிப்பு: 12ஆவது தேர்வில் ரன்னிங் பேக்கா என்று கேட்டிருந்தேன்

2023 ஏப்ரலில், அமெரிக்கக் கால்பந்து அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், டெட்ராய்ட் லயன்ஸ் அணி முதல் சுற்றிலேயே, 12ஆவது தேர்வாக ரன்னிங் பேக் (பந்தோடு ஓடும் வீரர்) ஜமீர் கிப்ஸை எடுத்தபோது இந்த இழையில் பொரிந்து தள்ளியிருந்தேன். பந்தோடு ஓடுபவர்கள் சீக்கிரம் தேய்ந்துபோவார்கள், தற்காப்புக்கு ஆள் எடுத்திருக்கலாம் என்பது என் வாதம். பலரும் ஆமோதித்தீர்கள்.

சரி, அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 2024 பருவத்தில் 1,412 யார்டு ஓட்டம், மொத்தம் 20 டச் டவுன் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது). மினசோட்டா அணிக்கு எதிரான கடைசி லீக் ஆட்டத்தில் மட்டும் நான்கு! சின்ன இடைவெளி தெரிந்தால் போதும், ஒற்றைக் காலை ஊன்றித் திரும்புகிறார். தடுக்க வந்தவர் வெறும் காற்றைப் பிடிக்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

என் கணிப்பு தவறு. அன்று "பொறுத்துப் பாருங்கள்" என்று சொன்ன நண்பர்களுக்கு நன்றி.