பழைய மாருதி ஆம்னி வேனுக்கு என்ன ஆயில், எந்த ஃபில்டர்?

ஷெட் மெக்கானிக், ஈரோடு

ஆயில் பெயரைக் கேட்பதற்கு முன்னால் இன்ஜின் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். 796 சிசி கார்புரேட்டர் இன்ஜின், ஆயில் குறையவில்லை, புகை இல்லை என்றால் 15டபிள்யூ-40 கிரேடு மினரல் ஆயிலே போதும். நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-40 போட்டாலும் ஒத்துப்போகும். ஊட்டி, கொடைக்கானல் வண்டிக்கு அது வேண்டாம். குளிர்ந்த காலையில் கெட்டி ஆயில் மேலே வால்வைத் தள்ளும் ராக்கர் வரை ஏற நேரமெடுக்கும். அதுவரை அங்கே தேய்மானம்தான். கார்புரேட்டர் இல்லாத எம்பிஎஃப்ஐ (பெட்ரோல் இன்ஜெக்‌ஷன்) வண்டிக்குக் கையேட்டில் இருக்கும் கிரேடை விட்டு விலகாதீர்கள்.

கேனில் ஆயிலின் தரத்தைக் காட்டும் ஏபிஐ முத்திரையில் எஸ்எல், எஸ்எம், எஸ்என் என்று 'எஸ்'ஸில் தொடங்க வேண்டும். சிஎஃப்-4, சிஹெச்-4 மட்டும் போட்டிருந்தால் அது டீசல் ஆயில். ஆயில் குடிக்கிற பெட்ரோல் இன்ஜினில் அதை ஊற்றினால் சாம்பல் படிந்து பிளக் கெடும்.

மூன்று லிட்டர் கேன் வாங்குங்கள், ஆனால் மொத்தத்தையும் கவிழ்க்காதீர்கள். இரண்டரை லிட்டர் ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு டிப்ஸ்டிக் பாருங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்துவது நல்லது. அளவு மீறினால் கிராங்க் அடித்து நுரை கட்டும், பம்ப் காற்றை இழுக்கும்.

பார்ட்ஸ் கடை, மதுரை

அண்ணன் ஆயிலைச் சொல்லிவிட்டார், ஃபில்டரை நான் சொல்கிறேன். வெளியே பெயின்ட் பளபளப்பைப் பார்த்து வாங்குகிறார்கள், அது எதையும் காட்டாது. நடுத்துளையைச் சுற்றியிருக்கும் சின்னத் துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஒரு ரப்பர் வளையம் தெரியும். தீக்குச்சியால் மெல்ல அழுத்தினால் மெத்தென்று அமுங்கி உடனே திரும்ப வேண்டும். விறைப்பாக இருந்தாலோ, ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ வாங்காதீர்கள். வண்டி நிற்கும்போது ஃபில்டரில் உள்ள ஆயில் இன்ஜின் அடியில் இருக்கும் சேம்பருக்கு வடிந்துவிடாமல் தடுப்பது அந்த ரப்பர்தான். அது சரியில்லை என்றால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் லைட் ஐந்தாறு விநாடி எரியும், மேலே டக்டக் சத்தம் வரும்.

மாட்டும்போது நடக்கும் பெரிய தப்பு, பழைய ஃபில்டரின் ரப்பர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் புதுசை ஏற்றுவது. இரண்டு ரப்பர் சேர்ந்தால் ரோட்டில் பீய்ச்சி அடித்து மொத்த ஆயிலும் போய்விடும். உட்காரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்துத் துடையுங்கள். புது ரப்பரில் ஆயில் தடவி, அது தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று. ஸ்பேனர் கழற்றுவதற்கு மட்டும்தான். வடிகால் போல்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுங்கள்.

வேன் ஓட்டுநர், நாகர்கோவில்

ஒரு கேள்வி. ஆயில் மாற்றி இரண்டு வாரம்கூட ஆகாத கார்புரேட்டர் வண்டியில் ஆயில் அளவு கூடிக்கொண்டே வருகிறதே, ஏன்?

ஷெட் மெக்கானிக், ஈரோடு

தம்பி, டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பெரும்பாலும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருக்கும். கேம் ஷாஃப்ட் தள்ளி ஓடும் பம்ப் அது. கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயிலில் இறங்கும். அந்த வண்டியை ஓட்டவே கூடாது. பம்பை மாற்றி, ஆயிலும் ஃபில்டரும் மறுபடி மாற்ற வேண்டும். நீர்த்த ஆயிலில் பேரிங் போய்விடும்.

வாடை இல்லாமல் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடிக்கடியில் மட்டும் லேசாக இருந்தால் குறுகிய ஓட்டத்தின் ஈரமாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலும் இருந்து, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

புகை தள்ளுகிற வண்டிக்குக் கெட்டி ஆயில் மருந்தல்ல. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்தால் வால்வு சீல். ஏற்றத்தில் மிதிக்கும்போதும் வந்தால் பிஸ்டன் ரிங். அதைச் சரிசெய்யாமல் 20டபிள்யூ-50 ஊற்றுவது கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான்.

பார்ட்ஸ் கடை, மதுரை

இன்ஜின் உள்ளே தார் மாதிரி கசடு படிந்திருந்தால் அதைக் கரைத்துக் கழுவும் ஃபிளஷ் ஊற்றாதீர்கள். பெயர்ந்து வரும் துண்டுகள் பம்பின் சல்லடையை அடைக்கும். புது ஆயில், புது ஃபில்டர் போட்டு ஆயிரம் கிலோமீட்டரில் மாற்றுங்கள், இன்னொரு முறையும் அப்படியே. அதன் பிறகு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதம்.