[கலைச்சொல்] ஏலம் முடியும் நொடியில் விலை கேட்பது

நண்பர்களே,
இணைய ஏலத் தளம் ஒன்றின் உதவிப் பக்கங்களை வெள்ளிக்குள் தமிழில் கொடுத்தாக வேண்டும். 'ஸ்னைப்பிங்', 'ஷில் பிட்டிங்' இரண்டும் இழுக்கின்றன. முன்னது, முடிய ஐந்தாறு நொடி இருக்கும்போது விலையைப் போட்டுப் பொருளைத் தட்டிக்கொண்டு போவது. ஈபே என்ற ஏலத் தளத்தில் இதற்குத் தடை இல்லை. பின்னது, விற்பவரே வேறு கணக்கிலோ வேண்டியவரை வைத்தோ விலையை ஏற்றிவிடுவது. இதற்குத் தடை உண்டு. பழைய வரைவில் முன்னதற்கு, ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருளாக, 'பதுங்கிச் சுடல்' என்று இருக்கிறது. படிப்பவர் மிரண்டுவிடுவார்.

---
'கடைநொடிக் கேட்பு'. கேள் + பு. ஏலம் 'கேட்பது'தானே ஊர்வழக்கு?

---
> கேட்பு

நகராட்சியில் 'கேட்பு, வசூல், நிலுவை' என்று பதிவேடே உண்டு. வரிபாக்கி என்று நினைப்பார்கள். அதைவிட, 'ஏலம்' தமிழா? போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. மலையாளத்தில் இன்றும் லேலம், இந்தியில் நீலாம். 'போட்டிவிலை' என்று அடியிலிருந்தே மாற்றுவோம்.

---
புலவர் ஐயா, சாவி, ஜன்னல், அலமாரியும் அங்கிருந்து வந்தவைதாம். எதை முதலில் கழற்றுவது?

---
'கடைநொடி'க்கு என் ஓட்டு, பெயரில் பழி இல்லாததால். ஈபேயில் நாம் போடுவது உச்சவிலை. 80 டாலர் போட்டால், அடுத்தவர் உச்சத்துக்கு மேல் ஒரு படி மட்டும் தளம் ஏற்றும். அவர் உச்சம் 52 என்றால் 53க்கு முடியும். விலை 25 முதல் 99.99 டாலர் வரை இருக்கும்போது படி ஒரு டாலர். அவர் தன் உண்மையான உச்சத்தைப் போட்டிருந்தால், நாம் முதல் நாள் வந்தாலும் கடைசி நொடியில் வந்தாலும் முடிவு ஒன்றே. அடிபடுபவர், ஒவ்வொரு டாலராக ஏற்றிப் பார்ப்பவர்தான். திரும்ப ஏற்ற அவருக்கு நேரமில்லை. அமேசான் முன்பு நடத்திய ஏலங்களில் கடைசிப் பத்து நிமிடத்தில் விலை வந்தால் ஏலம் நீண்டது. அங்கே இந்தப் பழக்கம் குறைவாக இருந்தது என்று பொருளியலாளர்கள் ரோத்தும் ஆக்கன்ஃபெல்ஸும் 2002இல் காட்டினார்கள். கோளாறு, ஏலத்தை முடிக்கும் விதியில்.

---
சரி, 'ஷில்'லுக்கு? 'போலிக் கேட்பு'?

---
'போலி' என்றால் அதில் வேறு கூத்தும் வந்து சேரும். கூட்டாளிகள் இருவர் விலையை 500க்கு ஏற்றி மற்றவரை விரட்டிவிட்டு, முடியும் நேரத்தில் விலக்கிக்கொள்வார்கள். கீழே 20க்குக் கேட்டு வைத்த மூன்றாம் கூட்டாளிக்குப் பொருள் போகும். இதனால்தான் கடைசி 12 மணி நேரத்தில் போட்ட விலையை, போட்ட ஒரு மணி நேரத்துக்குள் மட்டுமே விலக்கலாம் என்று ஈபேயில் விதி. அதுவும் 9.95ஐ 99.50 என்று தட்டிவிட்டது போன்ற பிழைக்கு.
'ஷில்' வேறு. கள்ள ஓட்டு, கள்ள நோட்டு வரிசையில் 'கள்ளக் கேட்பு' எனலாம். தடை என்று சொல்லாமலே விளங்கும்.

---
'கள்ளம்' நல்ல தமிழ். கள்ளாமை அதிகாரமே இருக்கிறது. ஆட்சேபம் இல்லை.

---
இரண்டையும் அப்படியே அனுப்புகிறேன். கூட்டாளிகள் விவகாரத்துக்குப் பெயர் வேண்டாம், வாக்கியமாகவே விளக்கிவிடுகிறேன்.

---
அனுப்புங்கள். 'கேட்பு' பற்றிய என் மறுப்பு நிற்கிறது. அடுத்து 'கேட்பாளர்' என்பீர்கள். அது 'வேட்பாளர்' என்று அச்சாகும்.