மாமியின் இருமலும் இதயக் குளிசைகளும்

வெள்ளவத்தை மருமகள்:
பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் எனாலாப்ரில் குளிசை போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் விளங்கும். மாமிக்கு அதைத் தொடங்கி மூன்றாம் கிழமை இருமல் வந்தது. சளியில்லை, காய்ச்சலில்லை. கொத்தமல்லி அவித்தோம், ஆடாதோடைப் பாணி வாங்கினோம். இரவு இரண்டு மணிக்குத் தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு இருமுவார், பேரன் எழும்பிவிடக் கூடாதென்று. அந்த அமுங்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கடைசியில் காலி வீதியில் ஒரு மருந்துக்கடைப் பிள்ளைதான் கிளினிக் கொப்பியைப் புரட்டிவிட்டு, "இந்தக் குளிசையாலும் இருமல் வரும் அன்ரி, டொக்டரிடம் கேளுங்கள்" என்றாள். லோசார்ட்டன் என்ற வேறு பிரஷர் குளிசைக்கு மாற்றினார்கள், இருமல் போய்விட்டது. இதை முதலே ஒருவர் சொல்லியிருக்கலாமே!

கொட்டாஞ்சேனையான்:
எனக்கு நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் ஜி.டி.என். குளிசை. பஸ்ஸில் நெஞ்சு இறுக்கியது, கம்பியைப் பிடித்து நின்றபடியே வைத்தேன். கண் விழித்தால் தரையில் கிடக்கிறேன், யாரோ ஒரு அம்மாவின் மீன் பைதான் தலைக்கு அணை. தலையிடியோ சொல்லி மாளாது.

மருதானை மாமா:
மருமகள் எழுதியதைப் படித்துவிட்டு யாரும் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். எனாலாப்ரில் தடுக்கும் அதே நொதிதான் உடம்பில் சுரக்கும் பிராடிகினின் என்ற பொருளையும் உடைக்கிறது. அது உடையாமல் தேங்கினால் தொண்டை அரிக்கும். எல்லோருக்கும் வராது. ஆனால் உதடோ நாக்கோ வீங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கொட்டாஞ்சேனைத் தம்பி, ஜி.டி.என். இரத்தக் குழாயை விரிக்கும், பிரஷர் சட்டென்று இறங்கும். அதனால் உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும். தலையிடியும் அந்த விரிவால்தான். குளிசையைக் கண்ணாடிப் போத்தலிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றாதீர்கள், வீரியம் போய்விடும். 5 நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

என் கதை சின்னது. நான் சீனி வியாதிக்காரன், இதயத் துடிப்பைக் குறைக்கும் பிசோப்ரோலோலும் போடுகிறேன். ஆடிவேல் திருவிழா பார்க்க நின்றபோது சீனி இறங்கியிருக்கிறது. வழக்கமான படபடப்பு இல்லை, கை நடுக்கமும் இல்லை. பிசோப்ரோலோல் அந்த இரண்டு அறிகுறியையும் மூடிவிட்டது. சட்டை மட்டும் தொப்பலாக நனைந்தது. வெயில் என்று நினைத்து மோர் குடித்தேன். மனைவி வாயில் சீனியைக் கொட்டியிராவிட்டால் வேல் பார்த்திருக்க மாட்டேன்.

வெள்ளவத்தை மருமகள்:
மாமா, நிறுத்தச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? கிளினிக்கில் மாற்றினார்கள் என்றுதானே இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படியுங்கள்.