நமக்கு நாமே திட்டம்: மூன்றில் ஒரு பங்கைக் கட்டிவிடலாமா, பாதி சேரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ஆவணங்களில் ஊராட்சிதான் என்றாலும், வாரச்சந்தை, பேருந்து நிலையம், மேல்நிலைப் பள்ளி எல்லாம் அமைந்து சிறுநகரமாகவே வளர்ந்துவிட்டது. அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகம் ஒன்று இருக்கிறது. அதில் பன்னிரண்டு பேர் அமர்ந்துவிட்டால் அடுத்து வருபவர் வாசற்படியில்தான் உட்கார வேண்டும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருட்டிய பிறகு பேருந்து நிலையத்து விளக்கடியில் செய்தித்தாளை விரித்துப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நூலகத்தை ஒட்டி ஊராட்சிக்குச் சொந்தமான இடம் காலியாக இருப்பதால், அங்கே ஒரு படிப்பகக் கூடம் கட்ட, ஊரார் ஒரு பங்கைக் கட்டினால் மீதியை அரசு தரும் நமக்கு நாமே திட்டத்தில் விண்ணப்பிக்க எண்ணினோம். ஒன்றியத்தில் விசாரித்தபோது சுமார் 9 லட்சம் ஆகும் என்றார்கள். ஏழு மாதங்களில் 3,20,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். தேநீர்க்கடைக்காரர் ஒருவர் வாரந்தோறும் சந்தை நாளன்று 200 ரூபாய் கொடுத்து, ரசீதை வாங்கிக் கல்லாப்பெட்டிக்குள் அடுக்கி வைக்கிறார். மூன்றில் ஒரு பங்குக்கு இது போதும். ஆனால் பாதித் தொகையைக் கட்டினால் வேலையை நாமே செய்யலாம் என்று சிலர் சொல்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 (ஒன்றிய அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்):

ஐயா, நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். 1997-இல் இத்திட்டம் தொடங்கியது. இடையில் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021-க்குப் பிறகு மீண்டும் பழைய பெயருக்கே வந்தது. பெயர் மாறினாலும் பொதுமக்களும் பங்கு கொடுப்பது என்ற அடிப்படை மாறவில்லை. மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பொதுமக்களுடையதாக இருக்க வேண்டும். அதற்கு உச்சவரம்பு கிடையாது. அந்தப் பங்கு பாதியோ அதற்கு மேலோ ஆனால், பணம் கொடுத்தவர்களே பணியை எடுத்துச் செய்யவோ, தாங்கள் விரும்பும் ஒருவரைக் கொண்டு செய்யவோ வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் வழக்கம்போல் ஒப்பந்தப்புள்ளிதான்.

ஆனால் ஒருவர் வாய்வார்த்தையாகச் சொன்ன 9 லட்சத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பொறியாளர் இடத்தை அளந்து, நடப்பு ஆண்டின் விலைவிகிதப்படி எழுதித் தருவதுதான் மதிப்பீடு. அது 10,20,000 என்று வந்துவிட்டால் உங்கள் பங்கு 3,40,000 ஆகிவிடும். கையில் இருப்பதில் 20,000 குறையும். இடம் ஊராட்சியின் பெயரில்தான் இருக்கிறதா என்பதையும் புல எண்ணை வைத்து முதலிலேயே பார்த்துவிடுங்கள். பணம் சேர்ந்த பிறகு இட வகைப்பாட்டில், அதாவது அது எந்த வகை நிலம் என்ற பதிவில், சிக்கி நின்ற கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதில் 2:

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிச் சுற்றுச்சுவருக்கு ஊரார் வசூல் பாதியிலேயே நின்றுவிட்டது. மீதிப் பணத்தைப் பொதுமக்கள் பெயரில் கட்டிவிடுவதாக ஒப்பந்தக்காரர் ஒருவர் முன்வந்தார். சுவர் எழும்பினால் போதும் என்று நாங்களும் சம்மதித்தோம். கடைசியில் வேலையும் அவருக்கே போனது. கொடுத்த பணத்தை அவர் சிமெண்டிலும் கம்பியிலும்தான் மீட்டிருக்க வேண்டும். அடுத்த மழைக்காலத்திலேயே பூச்சு உரிந்து செங்கல் வெளியே தெரிந்தது. எங்கள் பங்கு வெறும் பெயரளவில் இருந்ததால் தட்டிக்கேட்க எங்களுக்கு வாய் இல்லை. அதனால் ஒவ்வொரு ரூபாயும் யாரிடமிருந்து வந்தது என்பதற்கு ரசீது வையுங்கள். மொத்தமாகக் கொடுக்க ஒருவர் வந்தால், அவருக்கு இந்த வேலையில் ஆதாயம் உண்டா என்று விசாரித்த பிறகே வாங்குங்கள்.

பதில் 3 (மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றின் பொறுப்பாளர்):

பாதிப் பணம் கட்டி வேலையை நாங்களே எடுத்துச் செய்தவர்கள் என்ற முறையில் சொல்கிறேன். அதில் மனநிறைவு உண்டு. தரமும் நம் கையில் இருக்கும். ஆனால் பொறியாளர் வந்து அளந்து அளவுப் புத்தகத்தில் பதிந்த பிறகுதான் தொகை கைக்கு வரும். அதுவரை கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமைச் சம்பளம் நாம்தான் கொடுக்க வேண்டும். தளம் போட்ட வாரத்தில் குழுச் சேமிப்பிலிருந்து கடன் எடுத்துத்தான் சமாளித்தோம். அந்தக் கைம்முதல் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள், அண்ணா. இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்கையே கட்டிவிட்டு, மதிப்பீட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் ஒருவர் வேலை நடக்கும் இடத்தில் நில்லுங்கள். கம்பி கட்டும் நாளிலும் கான்கிரீட் போடும் நாளிலும் இரண்டு பேராக நிற்பது நல்லது. காத்திருந்தால் மதிப்பீடும் ஏறும், இப்போது படிக்கும் பிள்ளைகளுக்குத் தேர்வெழுதும் வயதும் கடந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. எங்களிடம் கைம்முதல் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே பாதித் தொகைக்காகக் காத்திருக்கப் போவதில்லை. திங்கட்கிழமை எழுத்துப்பூர்வ மதிப்பீடு கேட்டு மனுக் கொடுக்கிறோம். நன்கொடைப் பட்டியலை அக்டோபர் 2 கிராம சபையில் வாசித்து, தீர்மானமாகவும் பதிவுசெய்யக் கோருவோம். மதிப்பீடு கூடி வந்தால், குறையும் தொகையைச் சந்தை நாள் வசூலிலேயே சேர்த்துக்கொள்கிறோம். கான்கிரீட் போடும் நாளில் நிற்பதற்கு இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்கள்.